லூப்பேக் முகவரியா, போர்ட் முகவரியா?

நான்கு போர்ட் உள்ள ஒரு ரவுட்டருக்குக் குறைந்தது நான்கு ஐ.பி. முகவரிகள் இருக்கும். மற்ற ரவுட்டர்களும் லாக் சர்வரும் கண்காணிப்பு மென்பொருளும் அதை எந்த முகவரியில் அழைக்க வேண்டும்? ஒரு கேபிள் அறுந்த நாளில் நெட்வொர்க் தாங்குமா சரியுமா என்பதில் இந்தக் கேள்விக்கான பதிலுக்குப் பெரும் பங்கு உண்டு. புதிதாக வேலைக்கு வந்தவர் கைக்கு அருகில் இருக்கும் போர்ட்டின் முகவரியைக் கொடுத்துவிடுவார். அனுபவம் உள்ளவர் ‘லூப்பேக்’ என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸை உருவாக்கி, அதன் முகவரியைக் கொடுப்பார். பயிற்சி வகுப்புகளில் லூப்பேக்கை ‘நல்ல பழக்கம்’ என்று சொல்லித்தருகிறார்கள். ஏன் நல்லது, எங்கே நல்லதல்ல என்று பெரும்பாலும் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் கற்றவர்கள் அது கெடுதல் செய்யும் இடத்திலும் அதையே போடுகிறார்கள். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்ட் முகவரி ஒரு கம்பியோடு கட்டப்பட்டது. எதிர்முனையில் யாரோ ஃபைபரைப் பிடுங்கினால் போர்ட் விழும். அதோடு அந்த முகவரிக்கான வழியும் ரவுட்டிங் டேபிளிலிருந்து நீங்கும். லூப்பேக்கிற்குக் கம்பியே கிடையாது. நிர்வாகியே ‘ஷட் டவுன்’ செய்யாத வரை, ரவுட்டர் எழுந்ததிலிருந்து மின்சாரம் போகும் வரை அது விழித்தே இருக்கும். வழக்கமாக அதற்கு 32 பிட் மாஸ்க், அதாவது ஒரே ஒரு முகவரி. சிஸ்கோவில் லூப்பேக் 0, லூப்பேக் 1 என்று வேண்டிய அளவு உருவாக்கிக்கொள்ளலாம். ஜூனிப்பரில் இன்டர்ஃபேஸ் ஒன்றுதான். அதன் கீழ் யூனிட்டுகளும் பல முகவரிகளும் வரும். கணினியில் உள்ள 127.0.0.1-உடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இயந்திரத்துக்குள்ளேயே சுற்றுவது, கம்பியில் வெளியே வரவே கூடாது என்பது விதி. ரவுட்டரின் லூப்பேக்கோ முழு நெட்வொர்க்குக்கும் அறிவிக்கப்படுவதற்காகவே இருக்கிறது.

அறிவித்தால்தான் அதற்குப் பயன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூப்பேக் விழாது என்பது ரவுட்டருக்கு உள்ளே உண்மை. வெளியிலிருந்து அதை எட்டுவதற்கு ஏதாவது ஒரு போர்ட் உயிரோடு இருக்க வேண்டும், ஓ.எஸ்.பி.எஃப். போன்ற ஒரு ரவுட்டிங் புரோட்டோகால் அந்த முகவரியைச் சுமந்து சென்றிருக்க வேண்டும். ஒரே ஒரு இணைப்பு மட்டும் உள்ள கிளை அலுவலக ரவுட்டரில் லூப்பேக் போடுவதால் கிடைப்பது நிலையான அடையாளம் மட்டுமே. இணைப்பு போனால் அந்த ரவுட்டரும் போயிற்று.

உள் பி.ஜி.பி.யும் வெளி பி.ஜி.பி.யும்

இரண்டு முகவரிகளின் குணமும் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் பி.ஜி.பி. தான். அதிலும் நிறுவனத்துக்கு உள்ளே ஓடும் ஐ.பி.ஜி.பி.யில் ஒரு தீர்ப்பும், வெளி நிறுவனத்தோடு ஓடும் ஈ.பி.ஜி.பி.யில் நேர் எதிரான தீர்ப்பும் வரும்.

அ, ஆ, இ என்று மூன்று ரவுட்டர்கள் முக்கோணமாக இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அ-வும் ஆ-வும் ஐ.பி.ஜி.பி. அமர்வு வைத்திருக்கின்றன. இந்த அமர்வு 179-ஆம் எண் போர்ட்டில் ஓடும் ஒரு டி.சி.பி. இணைப்பு. அது அ–ஆ கம்பியின் முகவரிகளில் கட்டப்பட்டிருந்தால், கம்பி அறுந்ததும் அமர்வுக்கு ஆதாரம் போய்விடும். இ வழியாக நல்ல பாதை ஒன்று திறந்தே இருந்தாலும் அதனால் பயனில்லை. எந்த முகவரியை நோக்கி அமர்வு போடப்பட்டதோ அந்த முகவரியே இப்போது இல்லை. அமர்வு முறியும், அதன் வழியே கற்ற வழிகள் அனைத்தும் கைவிடப்படும். இணையத்தின் முழு ரவுட்டிங் டேபிளைத் தாங்கும் ரவுட்டர் என்றால், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி.வி.4 வழிகளை நீக்கி, பிறகு மீண்டும் கற்க வேண்டும். அறுந்தது ஒரு கம்பி. அசைந்தது முழு நெட்வொர்க்.

அதே அமர்வை லூப்பேக்கிலிருந்து லூப்பேக்கிற்குக் கட்டியிருந்தால், ஓ.எஸ்.பி.எஃப். சில நொடிகளுக்குள், நன்றாகச் செதுக்கப்பட்ட நெட்வொர்க்கில் ஒரு நொடிக்கும் குறைவாகவே, இ வழியான பாதையைக் கண்டுபிடித்துவிடும். இடையில் தொலைந்த பொட்டலங்களை டி.சி.பி. மறுபடி அனுப்பிக்கொள்ளும். கம்பி அறுந்தது பி.ஜி.பி.க்குத் தெரியவே தெரியாது.

இதைச் செய்ய, எதிர்முனையின் லூப்பேக் முகவரியை நெய்பராகக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. ரவுட்டர் தன் பொட்டலங்களில் இயல்பாக வெளியேறும் போர்ட்டின் முகவரியையே அனுப்புநராகப் போடும். எதிர்முனைக்கு அந்த முகவரி அறிமுகமில்லை. ‘அப்டேட்-சோர்ஸ் லூப்பேக் 0’ என்று சொல்லி மூல முகவரியையும் மாற்ற வேண்டும். இரு முனையிலும் இதைப் போடுவதே ஒழுங்கு. இரு முனையிலும் விட்டுப்போனால் அமர்வு எழாது. புதியவர்கள் பிங் போகிறது, அமர்வு மட்டும் ஏன் எழவில்லை என்று திகைத்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி வெளிப் பக்கம். உங்கள் ரவுட்டரும் இணையச் சேவை நிறுவனத்தின் ரவுட்டரும் ஒரே ஃபைபரால் இணைந்திருக்கின்றன. வேறொரு நிறுவனத்தோடு இன்னோர் இணைப்பும் உங்களிடம் இருக்கிறது. இங்கே முதல் ஃபைபர் அறுந்தால் அந்த அமர்வு உடனே விழ வேண்டும். அப்போதுதான் போக்குவரத்து இரண்டாவது நிறுவனத்துக்கு மாறும். போர்ட் முகவரியில் கட்டிய ஈ.பி.ஜி.பி. இதைத் தானாகச் செய்கிறது. நேரடி இணைப்பு விழுந்த கணமே அமர்வை முறிக்கும்படி சிஸ்கோ ரவுட்டர்கள் தொடக்கத்திலிருந்தே அமைக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே லூப்பேக்கைப் போட்டவர் என்ன சம்பாதிக்கிறார்? முதலில், எதிர்முனை லூப்பேக்கை எட்ட ஒரு ஸ்டாட்டிக் வழி எழுத வேண்டும். ஈ.பி.ஜி.பி. பொட்டலங்கள் இயல்பாக டி.டி.எல். 1-உடன் புறப்படுபவை, அவை ஒரு தாவலுக்கு மேல் போகும்படி ‘மல்ட்டிஹாப்’ என்று தளர்த்த வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஃபைபர் அறுந்தால் அமர்வு உடனே விழாமல் ஹோல்ட் டைமர் தீரும் வரை காத்திருக்கும். சிஸ்கோவில் அதன் இயல்பு அளவு 180 நொடி, ஜூனிப்பரில் 90. அடுத்த தாவலை எட்ட முடியவில்லை என்று ரவுட்டரே முன்னதாக உணர்ந்து வழிகளை நீக்கலாம். ஆனால் டேபிளில் ஒரு டிஃபால்ட் வழி இருந்தால், அதன் வழியே எட்டலாம் என்று எடுத்துக்கொண்டு பொட்டலங்களைத் தவறான பக்கம் தள்ளிக்கொண்டிருக்கவும் கூடும். ஐ.பி.ஜி.பி.யில் காப்பாற்றிய அதே குணம் இங்கே கெடுக்கிறது. விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருப்பதும் பழுதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே இரண்டு மூன்று ஃபைபர்கள் இணையாக ஓடினால், ஒரே அமர்வை லூப்பேக்கில் கட்டிப் போக்குவரத்தை எல்லாக் கம்பிகளிலும் பிரித்து அனுப்பலாம். அப்போது மல்ட்டிஹாப் தளர்வுக்கு ஈடாகக் காவலையும் இறுக்க வேண்டும். 2007-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5082 சொல்லும் முறைப்படி, 255-க்கு அருகிலான டி.டி.எல். மதிப்போடு வரும் பொட்டலங்களை மட்டும் ஏற்கலாம். தொலைவிலிருந்து போலியாக அனுப்புபவரால் அந்த மதிப்பைக் கொண்டுவர முடியாது. மற்றபடி வெளி உறவுகளில் போர்ட் முகவரியே சரி. சென்னையில் உள்ள நிக்சி போன்ற இணையப் பரிமாற்ற மையங்களிலும், பல நிறுவனங்களின் ரவுட்டர்கள் பொதுவான ஒரு லானில் தத்தம் போர்ட் முகவரிகளைக் கொண்டுதான் பி.ஜி.பி. பேசுகின்றன.

அடையாள எண்

ஓ.எஸ்.பி.எஃப். ஓடும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் 32 பிட் அடையாள எண் ஒன்று வேண்டும். பார்ப்பதற்கு ஐ.பி. முகவரி போல இருக்கும். அது எட்டக்கூடிய முகவரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிஸ்கோ இதைத் தேர்ந்தெடுக்கும் வரிசை தெரிந்ததுதான்: கையால் எழுதியது இருந்தால் அது, இல்லையென்றால் லூப்பேக்குகளில் உயர்ந்த முகவரி, அதுவும் இல்லையென்றால் விழித்திருக்கும் போர்ட்டுகளில் உயர்ந்த முகவரி. புரோட்டோகால் தொடங்கும்போது ஒருமுறை தேர்ந்தால், மறுபடி தொடங்கும் வரை மாறாது.

போர்ட் முகவரியை நம்பினால் இந்தக் கடைசி விதி பின்னாளில் தொல்லை தரும். மாதக்கணக்கில் ஓடிய ரவுட்டரை ஒருநாள் ரீபூட் செய்கிறோம். உயர்ந்த முகவரி வைத்திருந்த போர்ட் அன்று விழுந்து கிடந்தால் ரவுட்டர் வேறோர் அடையாளத்தோடு எழும். பழைய லாக், வரைபடம், அந்த எண்ணைக் குறிப்பிட்ட கான்ஃபிகரேஷன் வரிகள் எல்லாம் வேறொரு ரவுட்டரைப் பற்றியவை ஆகிவிடும். லூப்பேக் இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

ஆனால் லூப்பேக் தனக்கே உரிய ஒரு கண்ணியை வைத்திருக்கிறது. மல்ட்டிகாஸ்ட் நெட்வொர்க்குகளில் ‘எனிகாஸ்ட் ஆர்.பி.’ என்ற முறை உண்டு. ஒரே முகவரியை இரண்டு ரவுட்டர்களின் லூப்பேக்கில் வேண்டுமென்றே போட்டு, அருகில் உள்ளது பதில் சொல்லட்டும் என்று விடுவது. 2003-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3446 இதை விவரிக்கிறது. அந்தப் பொது முகவரிதான் அந்த ரவுட்டர்களின் உயர்ந்த லூப்பேக் முகவரியாகவும் அமைந்துவிட்டால், அடுத்த ரீபூட்டில் இரண்டுமே ஒரே அடையாள எண்ணோடு எழும். ஒன்று அனுப்பும் அறிவிப்பைப் பார்த்து மற்றது ‘இது என் பெயரில் வந்த தவறான செய்தி’ என்று வரிசை எண்ணைக் கூட்டித் திரும்ப அனுப்பும். முதலாவதும் அதையே செய்யும். இந்தச் சச்சரவு முழு நெட்வொர்க்கிலும் பரவும். இதற்கு மருந்து ஒரே வரி: அடையாள எண்ணைக் கையால் எழுதிவிடுவது. லூப்பேக்கின் எண்ணையே எழுதுங்கள். ஆனால் ரவுட்டர் தானாகத் தேர்ந்துகொள்ளும் என்று விடாதீர்கள்.

மாஸ்க் விஷயத்திலும் லூப்பேக் தனிப்போக்கு உடையது. லூப்பேக்கிற்கு 24 பிட் மாஸ்க் கொடுத்தாலும் ஓ.எஸ்.பி.எஃப். அதை 32 பிட் தனி முகவரியாகவே அறிவிக்கும். சாதாரண நெட்வொர்க்கில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். எம்.பி.எல்.எஸ். நெட்வொர்க்கில் வி.பி.என். போக்குவரத்தே நின்றுபோகலாம். லேபிள்களைப் பகிரும் எல்.டி.பி. புரோட்டோகால், அந்த ரவுட்டரின் டேபிளில் உள்ளபடி 24 பிட் வழிக்கு லேபிள் கொடுக்கும். அண்டை ரவுட்டரின் டேபிளிலோ 32 பிட் வழி இருக்கும். இரண்டும் பொருந்தாததால் லேபிள் பாதை நடுவில் அறுந்துவிடும். பிங் போகும், ரவுட்டிங் டேபிள் சரியாக இருக்கும், வாடிக்கையாளரின் போக்குவரத்து மட்டும் போய்ச்சேராது. லூப்பேக்கிற்கு ஐ.பி.வி.4-இல் 32, ஐ.பி.வி.6-இல் 128 என்பதை மீறாமல் இருப்பது இதனால்தான்.

சர்வர்களுக்குத் தெரியும் முகம்

சிஸ்லாக், எஸ்.என்.எம்.பி. ட்ராப், என்.டி.பி., டாகாக்ஸ், ரேடியஸ்: ரவுட்டர் தானாகப் பேசத் தொடங்கும் இடங்கள் இவை. சொல்லாவிட்டால் அன்று எந்த வழியாகப் பொட்டலம் வெளியேறுகிறதோ அந்தப் போர்ட்டின் முகவரியே மூலமாகும். நான்கு வாசல் உள்ள வீட்டுக்காரர் எந்த வாசல் வழியாக வந்தாரோ அதைக் கொண்டு அவரை அடையாளம் காண்பது போன்றது இது. பாதை மாறிய அன்று லாக் சர்வரில் ஒரே ரவுட்டர் இரண்டு பெயரில் தோன்றும். ரேடியஸ் சர்வர் தனக்கு அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வரும் கோரிக்கையைப் பொருட்படுத்தாது. விளைவு: ஒரு லிங்க் விழுந்ததும், அதைச் சரிசெய்ய லாகின் செய்ய வேண்டிய எஞ்சினியரின் பாஸ்வேர்டை ரவுட்டர் ஏற்காது. இந்தச் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் ‘சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்’ என்று லூப்பேக்கைக் குறிப்பிடும் வரி உண்டு. போர்ட் முகவரிக்கு ஆதரவாக இங்கே சொல்ல எதுவும் இல்லை.

பாதுகாப்பிலும் அப்படித்தான். எல்லா லூப்பேக்குகளையும் ஒரே முகவரித் தொகுதியிலிருந்து கொடுத்தால் ஃபயர்வாலில் ஒரே வரியில் அனுமதியை எழுதிவிடலாம். ஜூனிப்பர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. லூப்பேக்கில் மாட்டிய ஃபில்டர், எந்தப் போர்ட் வழியாக நுழைந்தாலும் ரவுட்டரின் மூளையான ரவுட்டிங் எஞ்சினை நோக்கிவரும் எல்லாப் பொட்டலங்களையும் வடிகட்டும். போர்ட் போர்ட்டாகக் காவல் போடும் வேலை மிச்சமாகிறது.

போர்ட் முகவரி வெல்லும் இடம்

இதுவரை படித்தவர், போர்ட்டுகளுக்கு முகவரி எதற்கு என்று கேட்கலாம். சிலர் உண்மையிலேயே கேட்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7404, ஐ.பி.வி.6 நெட்வொர்க்கில் ரவுட்டர்களுக்கு இடையிலான போர்ட்டுகளுக்கு லிங்க்-லோக்கல் முகவரி மட்டும் போதும், வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி லூப்பேக்கிற்கு மட்டும் இருக்கட்டும் என்ற வழியை எடுத்து ஆராய்கிறது. டேபிள் சிறிதாகும், முகவரித் திட்டம் எளிதாகும், தாக்குதலுக்கு ஆளாகும் முகவரிகள் குறையும். பெரிய டேட்டா சென்டர்களில் ஓடும் ‘அன்நம்பர்டு பி.ஜி.பி.’யும் இதே திசையில் போவதுதான்.

இழப்பு என்ன என்பதையும் அந்த ஆவணம் மறைக்கவில்லை. ட்ரேஸ்ரூட் போட்டால், பதில் அனுப்பும் ரவுட்டர் வழக்கமாகப் பொட்டலம் நுழைந்த போர்ட்டின் முகவரியைக் காட்டும். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே நான்கு ஃபைபர் இருந்து, அவற்றில் ஒன்று பொட்டலங்களைத் தொலைக்கிறது என்றால், எது என்று தூரத்திலிருந்து காட்டிக்கொடுப்பது இந்தப் போர்ட் முகவரிதான். லூப்பேக் மட்டும் இருக்கும் நெட்வொர்க்கில் ரவுட்டர் தெரியும், பாதை தெரியாது. குறிப்பிட்ட போர்ட்டைத் தூரத்திலிருந்து பிங் செய்யவும் முடியாது.

கண்காணிப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. பல அலுவலகங்களில் கண்காணிப்பு மென்பொருள் லூப்பேக்கை மட்டும் பிங் செய்துகொண்டிருக்கும். திரையில் பச்சை. ரவுட்டருக்கு வரும் இரண்டு இணைப்புகளில் ஒன்று வாரக்கணக்கில் இறந்து கிடந்தாலும் பச்சைதான். இரண்டாவது பாதை லூப்பேக்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மாற்று ஏற்பாடு காணாமல் போனது யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் விழும் நாளில்தான் முழு அலுவலகமும் இருண்டுபோகும். பழுதைத் தாங்கும் சக்தி, பழுதை மறைக்கும் சக்தியாகவும் வேலை செய்கிறது. லூப்பேக்கைப் பிங் செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு போர்ட்டின் நிலையையும் எஸ்.என்.எம்.பி. வழியாகத் தனியாகக் கவனியுங்கள்.

முகவரிச் செலவு ஒரு காலத்தில் பெரிய வாதமாக இருந்தது. ஒரு கம்பிக்கு நான்கு முகவரிகள் போனபோது அதில் நியாயம் இருந்தது. 2000-இல் ஆர்.எஃப்.சி. 3021 இரண்டு முகவரிகளில் ஒரு கம்பியை முடிக்க வழிசெய்தது. லூப்பேக்கிற்கு ரவுட்டருக்கு ஒன்று. இதில் மிச்சம் பிடிப்பவர் யாரும் இன்று நல்ல காரணத்தோடு செய்வதில்லை.

ஸ்விட்ச்சில்

லேயர் 2 ஸ்விட்ச்சில் இந்த ஒப்பீடு சற்று மாறுகிறது. அதன் முகவரி வழக்கமாக ஒரு வி-லான் இன்டர்ஃபேஸில் இருக்கும். அது போர்ட்டுக்கும் லூப்பேக்கிற்கும் நடுவில் நிற்பது. அந்த வி-லானில் ஒரு போர்ட்டாவது எழுந்து, ஸ்பேனிங் ட்ரீயில் ஃபார்வர்டிங் நிலையில் இருந்தால்தான் சிஸ்கோ ஸ்விட்ச்சில் அது விழித்திருக்கும். ரவுட்டிங் செய்யாத ஸ்விட்ச்சில் லூப்பேக்கை அறிவிக்க வழி இல்லாததால், அதற்கு இதுவே போதும்.

லேயர் 3 ஸ்விட்ச் வந்ததும் ரவுட்டர் நியாயமே பொருந்துகிறது. டேட்டா சென்டரில் வி.எக்ஸ்.லான் ஓடினால் லூப்பேக் தவிர்க்க முடியாததாகிறது. ஒவ்வொரு லீஃப் ஸ்விட்ச்சும் சர்வர்களின் ஃபிரேம்களை யு.டி.பி. 4789 போர்ட்டில் பொதிந்து, எதிர் லீஃபில் டனலின் முனையான வி.டெப் முகவரிக்கு அனுப்புகிறது. அந்த வி.டெப் முகவரி லூப்பேக்கில் இருக்கிறது. மேலே உள்ள ஸ்பைன் ஸ்விட்ச்சுகளில் எது விழுந்தாலும் மற்றவை வழியாக அந்த முகவரி எட்டும். இதைப் போர்ட் முகவரியில் கட்டினால் ஒவ்வொரு கம்பிக்கும் தனி டனல் வேண்டியிருக்கும். அந்த வடிவமைப்புக்கே பொருள் இருக்காது.

எல்லாப் பாதையும் போன நாளில்

லூப்பேக்கின் எல்லையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்புப் பணியில், முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அறியக் கொடுத்த ஒரு கட்டளை, உலகம் முழுவதும் உள்ள அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் பாதைகளை எல்லாம் அறுத்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பிழை. டேட்டா சென்டர்களை எட்ட முடியாத டி.என்.எஸ். சர்வர்கள் தம் முகவரிகளுக்கான பி.ஜி.பி. அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேவை இல்லை. வழக்கமான பாதையோடு, தனியாக வைத்திருந்த மேலாண்மைப் பாதையும் அன்று கைகொடுக்கவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் எழுதியது. எஞ்சினியர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. பாதை இல்லாத இடத்தில் லூப்பேக் விழித்திருந்து என்ன செய்ய?

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். ரவுட்டிங் தகவலை மட்டுப்படுத்தும் ஒரு ஃபில்டர் நீக்கப்பட்டதால் மைய ரவுட்டர்களின் மீது வழிகள் வெள்ளமாகப் பாய, அவை தாங்காமல் விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். ரவுட்டர்களை நிர்வகிக்கும் நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கைச் சார்ந்திருந்ததால், பழுதைப் பார்க்கப் போகும் வழியும் சேர்ந்தே அடைபட்டது.

நெட்வொர்க்கிற்கு உள்ளே ஓடும் எல்லா உறவுகளுக்கும் லூப்பேக். வெளி நிறுவனத்தோடு ஒற்றைக் கம்பியில் பேசும் இடத்தில் போர்ட் முகவரி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டும் கைவிடும் நாளுக்கு ரவுட்டரின் மேனேஜ்மென்ட் போர்ட்டும் கன்சோல் போர்ட்டும் இருக்கின்றன. வேறொரு நிறுவனத்தின் 4ஜி இணைப்பு மூலமாவது அவற்றை எட்டும்படி வையுங்கள். நெட்வொர்க் நன்றாக ஓடும்போதே மாதம் ஒருமுறை அந்த வழியாக லாகின் செய்து பாருங்கள்.